கப்பலில் வராத மஃபின்

புரதம் தேடி டின் வாங்குகிறோம். பயறும் தயிரும் கச்சானும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் திருகோணமலையில், ஒரு சிறு கேக் கிளப்பிவிட்ட கேள்வி.

முதலில் சுட்ட பன்னிரண்டில் ஒன்றை எடுத்து என் சின்ன மகன் மேசையில் தட்டினான். டொக் என்றது. "அம்மா, இது கடிக்கிறதோ எறியிறதோ?" என்று கேட்டான். பத்து வயது. முகத்துக்காகப் பொய் சொல்ல இன்னும் பழகவில்லை.

கோதுமை மா, முட்டை, வாழைப்பழம், கொஞ்சம் சீனி. அதோடு ஜிம்முக்குப் போகும் என் தம்பியிடம் கெஞ்சி வாங்கிய மூன்று கரண்டி புரதப் பவுடர். காணொளியில் ஒரு வெளிநாட்டுப் பெண் இவ்வளவையும் கலந்து வைத்தபோது பஞ்சுபோல் எழும்பியது. என் ஓவனில் அது சப்பாத்து அடியாக வந்து சேர்ந்தது.

புரதம் இப்போது ஒரு மோஸ்தர். பிஸ்கட் பக்கற்றில் புரதம், பால் பக்கற்றில் புரதம், சொக்லட்டிலும் புரதம். இதழாசிரியர் கேட்டதும் அதைத்தான்: வீட்டிலேயே சுடக்கூடிய, சத்தான, புரதம் கூடிய பழ மஃபின். "வெட்டி எடுத்துக் குசினியில் ஒட்டுகிற மாதிரி இருக்கட்டும்" என்றார். செய்முறை கீழே பெட்டியில் இருக்கிறது, அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம். நான் போன வழி கொஞ்சம் சுற்று. உவர்மலையில் என் குசினியில் தொடங்கி, சீனக்குடா மா ஆலையைத் தொட்டு, மிளகாய்த்தூள் அரைக்கும் மில் ஒன்றின் வாசலில் போய் நின்றது.

சுற்ற வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எழுபது தாண்டியவர், எந்தச் சாப்பாட்டையும் எறியவிடமாட்டார். வேலிக்கு மேலால் ஒன்றை நீட்டினேன். பிய்த்தார், முகர்ந்தார், கடைசியில் தேத்தண்ணிக்குள் தோய்த்தார்.

"என்னத்தைப் பிள்ளை போட்டனீ?"

சொன்னேன்.

"பயறு போடேல்லையோ?"

"மஃபினுக்கு ஆரும் பயறு போடுவினமோ பெரியம்மா?"

"சத்துக்குச் செய்யிறன் எண்டாய். பயறில்லாமல் என்ன சத்து?"

சிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு குசினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சப்பாத்து அடியான கதை

முதலில் என் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். கோதுமை மாவில் ஈரம் பட்டுக் குழைக்கக் குழைக்க, குளூட்டன் என்னும் இழுபடும் வலை ஒன்று உண்டாகிறது. பாணுக்கு அது வேண்டும். கொத்துரொட்டிக்காரர் தட்டி வீசி இழுப்பதும் அதைத்தான். மஃபினுக்கோ அது எதிரி. நான் பீட்டரை வைத்து ஐந்து நிமிடம் அடித்தேன். அகப்பையால் பத்துப் பதினைந்து தடவை புரட்டியிருந்தால் போதும். அங்கங்கே மாக்கட்டி தெரிந்தாலும் விட்டுவிட வேண்டும், அது அடுப்பில் கரைந்துவிடும்.

இரண்டாவது பிழை பவுடர். பாலைத் திரித்துப் பாற்கட்டி செய்யும்போது மிஞ்சும் தெளிநீரிலிருந்து எடுப்பதுதான் அந்த டின்னில் இருக்கும் புரதம். தண்ணீரில் கலந்து குடிக்க அது நல்ல சரக்கு. சூடு கண்டால் முட்டை வெள்ளைக்கரு போல இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். மாவைக் குறைத்து அதைக் கூட்டக் கூட்ட, மஃபின் வறண்ட றப்பராகும்.

"அடுப்பில் வைத்தால் புரதம் செத்துப்போகாதா?" என்று என் தம்பி கேட்டான். சாகாது. சூட்டில் அதன் மடிப்புகள்தான் பிரிகின்றன, உடம்புக்கு வேண்டிய சரக்கு அப்படியே இருக்கிறது. முட்டையைப் பொறுத்தவரை, பச்சையாகக் குடிப்பதைவிட வேகவைத்துச் சாப்பிட்டால்தான் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

மஃபினை எழுப்புவது பேக்கிங் பவுடர். 1843 இல் பர்மிங்ஹாம் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகக் கண்டுபிடித்தது அது. உலகம் முழுவதும் கேக் எழும்புவதற்குப் பின்னால் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கவலை இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒத்துக்கொள்ளாததை விட்டுவிட்டு, வேறு வழி தேடியிருக்கிறார் மனிதர். நாங்களும் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. எங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது ஈஸ்ட் இல்லை, மா.

மூன்று வேளையும் மா

உவர்மலைச் சரிவில் நின்றால் உள்துறைமுகத்தின் மறுபக்கம் தெரியும். சீனக்குடா மா ஆலையில் கோதுமைக் கப்பல் வந்து கட்டுவதும், தானியம் உறிஞ்சப்பட்டு உயர்ந்த களஞ்சியங்களுக்குள் ஏறுவதும் எங்கள் ஊருக்கு மழை வெயில் போலப் பழகிப்போன சங்கதிகள். 1977 இல் உடன்படிக்கையாகி, 1980 இல் ஓடத் தொடங்கிய ஆலை. ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. அதன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் குறை எங்கள் கோப்பைகள் மேல்.

அந்த முதல் உடன்படிக்கையில் ஒரு சுவையான கணக்கு இருந்தது. நூறு கிலோ கோதுமைக்கு எழுபத்துநான்கு கிலோ வெள்ளை மா திரும்பிவரும். அரைகூலி காசாக இல்லை, மிஞ்சும் தவிடுதான் கூலி. தவிட்டுக்கு அவ்வளவு மதிப்பிருந்தது. கோழிக்கும் மாட்டுக்கும் அது முதல்தரத் தீனி. நார், விற்றமின், புரதத்தில் ஒரு பங்கு, எல்லாம் அதில். எங்களுக்கு வந்தது பளிச்சென்ற வெள்ளை. தவிட்டைத் தின்னும் கோழி அதை முட்டையாக்கித் தருகிறது. அந்த முட்டையை வாங்கும் நேரம் நாங்கள் விலை பார்த்துப் பின்வாங்குகிறோம்.

பெரியம்மா இன்றைக்கும் அதை "அமெரிக்கன் மா" என்றுதான் சொல்வார். அமெரிக்க உதவித் திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்த காலத்துப் பெயர். சங்கக்கடை வரிசை மறைந்துபோனது, பெயர் நாவில் ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்னால், பதினேழாம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன சொற்களில் "பாண்" ஒன்று, அதைச் சுடும் "போறணை" இன்னொன்று. நான் நின்று கருக்கும் இந்தக் "குசினி"யும் அவர்கள் சொல்தான். கோயிலைத் திரும்பக் கட்டிவிட்டோம். பாணை மட்டும் விடவே இல்லை.

ஒரு கிழமை என் வீட்டுச் சாப்பாட்டைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். திங்கள் காலை பாணும் சம்பலும். பள்ளிக்கூட இடைவேளைக்குப் பணிஸ். பின்னேரம் நூடில்ஸ். இரவு ரொட்டி. செவ்வாய் காலை இடியப்பம். ஆகா, மாறிவிட்டது என்று நினைத்தேன். அதுவும் அவித்த கோதுமை மா. புதன் இரவு பிட்டு. பாதி அரிசி மா, பாதி கோதுமை மா, பூவாக உதிரட்டும் என்று. வியாழன் பின்னேரம் விருந்தாளி வந்ததால் ரோல்ஸ், பற்றிஸ். மதியச் சோற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே மூலப்பொருள். பெயரும் வடிவமும்தான் மாறுகின்றன. பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களுக்குக்கூடப் பிள்ளைகள் பணிஸைத்தான் பிய்த்துப் போடுகிறார்கள்.

இதில் புரதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கால் றாத்தல் பாணில் எட்டு, ஒன்பது கிராம் புரதம் இருக்கிறது. சிக்கல் அதன் தரத்தில். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்று லைசின். கோதுமையில் அது குறைவு. பயறு, கௌபி, உழுந்து, கடலை எல்லாவற்றிலும் அது தாராளம். பயறில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. ஆகவே மாவை மாவோடு சேர்த்துத் தின்பதால் பயனில்லை, மாவோடு பயறு சேர வேண்டும். சோறும் பருப்பும் தலைமுறையாகச் செய்த வேலை அதுதான். பாணுக்கு மேல் பூசும் மாஜரீனும் ஜாமும் அதைச் செய்யமாட்டா.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் என்று சொன்னது 2016 ஆம் ஆண்டின் நாடு தழுவிய குடித்தொகை, சுகாதார ஆய்வு. அது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022 இல் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. எங்கோ கருங்கடல் பக்கத்தில் போர் மூண்டது. இங்கே டொலர் இல்லை. எங்கள் ஒழுங்கை முனைப் பேக்கரி மாவும் காஸும் இல்லாமல் பூட்டிக்கிடந்தது. மா ஆலையின் நிழலில் இருக்கும் ஊருக்கே பாண் இல்லை. அந்த மாதங்களில் பெரியம்மா வீட்டில் காலையில் அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும். எங்கள் வீட்டில் பாண் வரிசைக்கு ஆள் அனுப்பினோம்.

பெரியம்மாவின் பட்டியல்

"உங்கட காலத்தில பிள்ளையளுக்குச் சத்துக்கு என்ன குடுத்தனீங்கள்?" என்று ஒருநாள் கொப்பியோடு போய் உட்கார்ந்தேன். புரதம் என்ற சொல்லையே பாவிக்காமல் அவர் சொன்ன பட்டியல் முழுவதும் புரதமாக இருந்தது.

பெரிய பிள்ளையானால் உழுத்தம்மாக் களி, நல்லெண்ணெய், முட்டை. மருந்துபோலக் கணக்கு வைத்துக் கொடுப்பார்கள், ஓடி ஒளிந்தாலும் விடமாட்டார்கள். உழுந்தில் நூறு கிராமுக்கு 24 கிராம் போலப் புரதம். இரத்தப்போக்கு தொடங்கும் வயதில், வளர்ச்சி பாயும் வயதில், உழுந்தையும் முட்டையையும் ஒன்றாக வைத்தவர்கள் எந்த ஆய்வுகூடத்துக்கும் போகவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு எள்ளுப்பாகு. பிரயாணத்துக்குப் பயத்தம் பணியாரம்: வறுத்த பயத்தம் மாவும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டிப் பாகும் பிடித்த உருண்டை, மேலே மெல்லிய மாத்தோல். நாட்கணக்கில் பழுதாகாது, பசி தாங்கும், கையில் ஒட்டாது. இன்றைக்குப் பளபளக்கும் தாளில் சுற்றி "புரோட்டீன் பார்" என்று விற்கிறார்களே, அதன் பாட்டி.

கிண்ணியாப் பக்கம் போனால் வட்டிலப்பம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் ஆவியில் அவிந்து குழியெழும்பி நிற்கும். மாவின் வாசமே இல்லாத ஓர் இனிப்பு. பெருநாளில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் அந்தக் கிண்ணத்தைப் புரதச் சத்துணவு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. எருமைத் தயிர் சொல்லவே வேண்டாம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று கிண்ணியாத் தயிருக்குப் பெயர். பாலத்துக்கு முந்திய காலத்தில் படகில் ஏறி வந்தது, இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறது.

பின்னேரம் டச்பே கடற்கரையில் கடதாசிச் சுருளில் வாங்கும் கச்சானையும் பட்டியலில் நானே சேர்த்துக்கொண்டேன். நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம். ஆனியிலும் ஆடியிலும் தோலை வறுக்கும் கச்சான் காற்று வீசும் எங்கள் கரையில், காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் என்பதை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

அரசு கொடுக்கும் திரிபோஷாவும் இதே வழிதான். 1970களிலிருந்து மருத்துவிச்சி அக்காமார் கர்ப்பிணிகளுக்கும் மெலிந்த பிள்ளைகளுக்கும் கொடுத்துவரும் அந்தப் பக்கற்றில் சோளமும் சோயாவும் சேர்ந்திருக்கின்றன. தானியமும் அவரையினமும். பெரியம்மாவின் சூத்திரத்துக்கு அரச முத்திரை குத்தினால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்தப் பட்டியலில் எதுவும் அழிந்துவிடவில்லை. ஆனால் எல்லாம் விசேஷ நாளுக்கு ஏறிவிட்டன. களி சாமத்தியவீட்டோடு, பணியாரம் தீபாவளியோடு, வட்டிலப்பம் பெருநாளோடு. தினச் சாப்பாட்டு மேசையில் காலியான அந்த இடங்களில் எல்லாம் மா வந்து உட்கார்ந்துகொண்டது.

மில் நானா சொன்னது

இரண்டாவது தடவை மஃபின் சுட, பயத்தம் மா தேவைப்பட்டது. கடையில் விற்கும் பக்கற்றில் பயறின் வாசம் இல்லை. ஒரு கிலோ பயறு வாங்கி, இரும்புச் சட்டியில் சிறு நெருப்பில் வறுத்து, ஆறவைத்து, மில்லுக்குக் கொண்டுபோனேன். மில் நானா பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டில விசேஷமா தங்கச்சி?"

"இல்லை நானா, பிள்ளையளுக்குக் கேக் சுட."

"பயத்தங்கேக்கா?" சிரித்தார். பிறகு பையைத் திருப்பித் தந்தார். "ஒரு கிலோவுக்கு ஏலாது. காலையில இருந்து மிளகாய் ஓடின மெசின். கழட்டிக் கழுவி, அரிசி போட்டு ஓட்டி எடுத்தாத்தான் பயறு போடலாம். இல்லாட்டிப் புள்ள கேக்கைக் கடிச்சிட்டு அழும். அஞ்சு கிலோவாவது கொண்டு வாங்க, கழுவித் தாறன்."

"முந்தி என்ன செய்தனீங்கள்?"

"முந்தி பயறுக்கு, உழுந்துக்கு எண்டு தனி மெசினே ஓடின. இப்ப ஆரு கொண்டு வாறாங்க? தூள் மட்டும்தான். மா எல்லாம் பக்கற்றில வருதே."

வீட்டு மிக்சியில் அரைத்துச் சமாளித்தேன். நாலு தடவை அரித்தும் கொஞ்சம் குருணலாகத்தான் வந்தது. மஃபினுக்கு அது பிழையில்லை. ஆனால் நானாவின் அந்தத் தனி மெசின் என்னை விட்டுப் போகவில்லை. நாங்கள் மாவுக்கு மாறியது எங்கள் வயிற்றில் மட்டும் நடந்த மாற்றம் என்று நினைத்திருந்தேன். தெருவில் ஒரு மெசினும் நின்றிருக்கிறது. மெசின் நின்றால் அரைக்கும் பழக்கம் நிற்கும், பழக்கம் நின்றால் விதைப்பவர் எதற்கு விதைக்கிறார்? பயறு அறுபது, அறுபத்தைந்து நாள் பயிர். பெரும்போகம் வெட்டிச் சிறுபோகம் தொடங்குமுன் வயலில் மிஞ்சும் ஈரத்திலேயே எடுக்கலாம், மண்ணுக்கும் நல்லது. வாங்க ஆள் இருந்தால்தானே?

2020 இல் உழுந்து, பயறு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை ஏறி நாங்களெல்லாம் கத்தினோம். தோசைக்கு உழுந்து கிராம் கணக்கில் வாங்கினோம். அப்போது எனக்கு உறைக்காதது இப்போது உறைக்கிறது: பயறும் உழுந்தும்கூடப் பெரும்பங்கு கப்பலில்தான் வந்துகொண்டிருந்தன. இயற்கைத் துறைமுகம் என்று உலகமே மெச்சும் ஊரில் இருப்பதில் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லாம் கடலால் வரும் என்று கை ஓய்ந்துவிடும்.

மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். பயத்தம் மா பாணைப்போல் எழும்பாது, கட்டுப்படியாகாது, வாங்கமாட்டார்கள் என்று எங்கள் பேக்கரிக்காரர் சொல்கிறார். பளு தூக்குபவனுக்குப் பவுடர்தான் சுகம், எத்தனை மஃபின் தின்பது என்று என் தம்பி சொல்கிறான். இருவருக்கும் அவரவர் நியாயம்.

ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு டின் தேவையில்லை. வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம். இருபது கிலோப் பிள்ளைக்கு இருபது கிராமுக்குள் அடங்கும். மீன் ஒரு துண்டு, பருப்பு ஒரு கரண்டி, முட்டை ஒன்று. இவற்றோடு பணிஸுக்குப் பதிலாக எட்டுக் கிராம் புரதமுள்ள ஒரு மஃபின். அவ்வளவுதான் நாங்கள் தேடும் இரகசியம்.

பழத்தின் குணம்

செய்முறைக்குள் போகுமுன் பழத்தைப் பற்றி ஒரு சொல். நன்கு பழுத்துத் தோல் கறுத்த கதலியோ இதரையோதான் மஃபினுக்கு முதல் தெரிவு. மாப்பொருள் சீனியாக மாறியிருக்கும், தனியாகச் சீனி கொட்டத் தேவையில்லை. மாம்பழக் காலத்தில் மாம்பழம். பப்பாசியில் தண்ணீர் அதிகம். சிறு துண்டாக வெட்டி வடியவிட்டுப் போடவேண்டும்.

அன்னாசியோடு கவனம். அதில் புரதத்தைத் துண்டாடும் நொதியம் ஒன்று இருக்கிறது. பச்சை அன்னாசியைத் தயிரில் ஊறவிட்டால் கலவை கசக்கும். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையோடு சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அந்த நொதியம் அடங்கிவிடும். என் மூன்றாவது தட்டு கசந்தது இப்படித்தான். அதைப் பெரியம்மாவும் தேத்தண்ணியில் தோய்க்கவில்லை.

பெட்டி: பயத்தம் பழ மஃபின் (12)

தேவையானவை:

வறுத்து அரைத்த பயத்தம் மா - 150 கிராம்
ஆட்டா மா - 75 கிராம்
வறுத்துப் பொடித்த கச்சான் - 60 கிராம்
முட்டை - 4
எருமைத் தயிர் - 200 கிராம்
நன்கு பழுத்த கதலி வாழைப்பழம் - 250 கிராம் (தோல் நீக்கியது)
துருவிய பனங்கட்டி அல்லது சர்க்கரை - 60 கிராம்
நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் - 4 மேசைக்கரண்டி
பேக்கிங் பவுடர் - 2 தேக்கரண்டி
அப்பச்சோடா - அரைத் தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி, மேலே தூவ வெட்டிய பேரீச்சம்பழமோ மாம்பழத் துண்டோ ஒரு கைப்பிடி

1. பயறைச் சிறு நெருப்பில், தோல் மெல்லச் சிவந்து வாசம் எழும்பும்வரை வறுக்கவும். வறுவல் குறைந்தால் பச்சை மணம் அடிக்கும், கருகினால் கசக்கும். தோலைப் புடைத்து எறிய வேண்டாம். தவிட்டை இழந்தது போதும், பயத்தந்தோலையாவது வைத்துக்கொள்வோம்.

2. தயிரையும் பயத்தம் மாவையும் கலந்து கால் மணி நேரம் ஊறவிடவும். பயத்தம் மா மெதுவாகத்தான் ஈரம் குடிக்கும். ஊறாமல் அடுப்பில் வைத்தால் மஃபின் மணல்போல் நறநறக்கும்.

3. வாழைப்பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்து, முட்டை, எண்ணெய், பனங்கட்டி சேர்த்து அடிக்கவும். இங்கே எவ்வளவு அடித்தாலும் பிழையில்லை. அதை ஊறிய பயறோடு சேர்க்கவும்.

4. ஆட்டா மா, கச்சான், பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு, ஏலக்காய் எல்லாவற்றையும் வேறாகக் கலந்து கடைசியாகக் கொட்டி, அகப்பையால் பத்துப் பதினைந்து தடவை புரட்டவும். தயிரின் புளிப்புப் பட்டதும் அப்பச்சோடா பொங்கத் தொடங்கும், ஆகவே தாமதிக்க வேண்டாம்.

5. கடதாசிக் கப்பில் முக்கால் பங்கு நிரப்பி, பழத்துண்டை மேலே தூவவும். கலவைக்குள் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

6. முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 பாகை செல்சியசில் 22 முதல் 25 நிமிடம். ஈர்க்கு குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

ஓவன் இல்லாதவர்கள் கிண்ணங்களில் ஊற்றி இட்லிச் சட்டியில் இருபது நிமிடம் அவிக்கலாம். மேல் சிவக்காது, உள்ளே வட்டிலப்பத்தின் மென்மை வரும். அடி கனத்த பானையில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து மூடிச் சுடும் பழைய முறையும் இருக்கிறது. முக்கால் மணி நேரம் எடுக்கும்.

புரதக் கணக்கு: பயறில் 36, முட்டையில் 24, கச்சானில் 15, ஆட்டாவிலும் தயிரிலும் தலா 9, பழத்தில் 3. மொத்தம் 96 கிராம். பன்னிரண்டாகப் பிரித்தால் ஒன்றுக்கு 8. வெள்ளை மாவில் வழக்கமாகச் செய்யும் மஃபினில் மூன்றரைக்கு மேல் வருவது அபூர்வம்.

எங்கள் வெக்கைக்கு வெளியே ஒரு நாள்தான் தாங்கும், குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் அதற்குப் பதில் வறுத்த எள்ளு. எள்ளும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டையும் விட்டுவிடலாம். சிறுநீரக நோயாளிகள் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

நாலு கிலோ

நாலாவது தட்டைச் சின்ன மகன் மேசையில் தட்டவில்லை. கடித்தான், யோசித்தான். "கேக் மாதிரி இல்லை. பணியாரம் மாதிரிக் கிடக்கு" என்றான். பிறகு இன்னொன்று எடுத்தான். அடுத்த நாள் பள்ளிக்கூடப் பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. அவன்தான் தின்றானா, கூட்டாளிகளுக்குக் கொடுத்தானா என்று கேட்டேன். "பாதி மாத்தினனான்." எதற்கு மாற்றினாய் என்றால், "பணிஸுக்கு."

ஒரு மஃபினால் ஊர் மாறாது என்பது அப்போதே விளங்கியது. என் பிள்ளையின் பெட்டியில் பயறு இருந்து, பக்கத்தில் இருப்பவன் பெட்டியில் மா இருந்தால், இடைவேளை மணியோடு கணக்குச் சமனாகிவிடும். மிக்சியில் அரித்து அரித்து எத்தனை நாளைக்கு ஒருத்தி அரைப்பது? நானாவின் மெசின் ஓட வேண்டும். அதற்கு ஐந்து கிலோ வேண்டும்.

ஒழுங்கையில் கேட்டுக்கொண்டு போனேன். நான் இரண்டு கிலோ. பெரியம்மா ஒரு கிலோ, "கொஞ்சம் பணியாரத்துக்கும் எடுத்துவை" என்ற நிபந்தனையோடு. மூலைவீட்டு ஆசிரியை ஒரு கிலோ. ஆக நாலு. வறுத்து டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறேன், வீடெல்லாம் வாசம்.

இன்னும் ஒரு கிலோ வேண்டும். முன்வீட்டில் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்று காலையும் அவர்கள் படலையில் பாண்காரரின் மணிச் சத்தம் கேட்டது.